பழைய சிஸ்டம் கேட்ட டிரஸர்

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக ஈப்போ டவுனுக்குப் போனேன். போன இடத்தில், நான் பதினேழு வருடம் வேலை பார்த்த கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். பின்கட்டுப் பட்டறையில் என் மேசையில் இப்போது ரேவதி என்ற பெண் உட்கார்கிறாள். புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், மின்கம்பியைச் சொருகினாள், பொத்தானை அமுக்கினாள். அவ்வளவுதான், அது எழுந்துவிட்டது. கம்ப்யூட்டரை எழுப்பி வேலை செய்ய வைக்கும் சமாச்சாரத்தை நாங்கள் சிஸ்டம் என்போம். என் காலத்தில் அது டிஸ்கெட்டில் தனியாக வரும். இப்போது தயாரிக்கிறவர்களே உள்ளே போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கடை முதலாளியை இங்கே எல்லோரும் தவுக்கே என்போம். ரேவதி கேட்டாள்: "அண்ணே, காலையில ஒரு வாத்தியார் வந்து வேற சிஸ்டம் போட்டுத் தர முடியுமான்னாரு. மெஷின் தாங்கும். தவுக்கே முடியாதுன்னுட்டாரு. ஏன் அண்ணே, விக்கிறவங்களுக்கு இதுல என்ன நட்டம்?"

"பெரிய கதை லா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நேருக்கு நேர் நின்று நீளமாகப் பேச எனக்கு எப்போதுமே வராது. எழுதினால் வரும் என்று தோன்றியது.

லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படிப்பு, பிறகு பால்வெட்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். முப்பது வயதை ஒட்டி ஈப்போவுக்கு வந்து ஒரு சீனருடைய டைப்ரைட்டர் கடையில் சேர்ந்தேன். பழைய இயந்திரங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைப்பதும், பல் துலக்கும் பிரஷால் எழுத்துகளைத் தேய்ப்பதும், திரும்பப் பூட்டுவதும்தான் வேலை. ஆங்கில எழுத்துகளை நான் ஏ, பி, சி என்று கற்கவில்லை. டைப்ரைட்டரில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில் கற்றேன். சொற்களின் பொருள் தெரியாது. எந்தச் சொல்லுக்கு விரல் எங்கெங்கே போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். பத்து வருடத்தில் அது போதும் என்றாகிவிட்டது.

எண்பதுகளில் டைப்ரைட்டர் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். தவுக்கே கம்ப்யூட்டர் விற்பதென்று முடிவு செய்து, பட்டறைக்குப் பொறுப்பாகச் சேவியர் சாரைக் கொண்டுவந்தார்.

சேவியர் சார் தோட்டத்து ஆபீசில் எழுத்தராக இருந்த கிராணி ஒருவரின் மகன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் கிட்டே போய்க் கேட்க வேண்டியிருக்கும். கழற்றிய திருகாணிகளை முட்டை அடுக்கும் அட்டையில், கழன்ற வரிசைப்படி குழிக்கு ஒன்றாக வைக்கச் சொல்வார். ஒரு குழி தவறினாலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "முதல்ல இருந்து," என்பார். வாடிக்கையாளர் பழுது என்று கொண்டுவந்தால், அவர் சொன்ன சொல்லை அப்படியே சீட்டில் எழுத வேண்டும். நான் ஒருமுறை, "பவர் போயிடுச்சு சார்," என்று போய்ச் சொன்னேன்.

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"இல்ல சார். திரை கறுப்பா இருக்குன்னாரு."

"அப்ப அதைச் சொல்லு. பவர் போச்சா இல்லையான்னு மெஷின் சொல்லட்டும்."

ஒவ்வொரு புதுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு முறை உண்டு. பெட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிஸ்கெட் சொருக முன்பக்கம் இருக்கும் இரண்டு வாயில் இடது வாயில் கடையின் சிஸ்டம் டிஸ்கெட்டைச் சொருகி எழுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைக் கையால் பார்க்க வேண்டும். பிறகு அணைத்து, மூடியின் சேர்க்கையில் மஞ்சள் சீல் ஒட்ட வேண்டும். விநியோகஸ்தர் அனுப்பிய சிஸ்டம் டிஸ்கெட் உறை பிரிக்காமல் பெட்டிக்குள் திரும்பப் போக வேண்டும். அதை நாங்கள் தொடக் கூடாது.

ஆரம்பத்தில் இரண்டு வகைச் சிஸ்டமும் விற்றோம். ஒன்று முன்பிருந்தே இருந்தது, மற்றது புதிதாக வந்தது. ஒரே கம்ப்யூட்டரில் எது கேட்டாலும் கொடுத்தோம். அதில் பட்டது கொஞ்சமல்ல. டயர் கடைக்காரர் ஒருவர் பழைய சிஸ்டத்தோடு வாங்கிப் போனார். புதியதற்கென்று எழுதிய புரோகிராம் ஒன்றை யாரோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது ஓடவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டு, "ரோசாக்," என்றார். கெட்டுப்போன மெஷினை விற்றுவிட்டோம் என்று பக்கத்துக் கடைக்கெல்லாம் கேட்கும்படி பேசினார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அன்று முழுக்கச் சேவியர் சாரின் குரல் வெளியே கேட்கவே இல்லை.

அதற்கடுத்த வருடம் கோலாலம்பூரிலிருந்து விநியோகஸ்தரின் ஆள் ஒரு தாளோடு வந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அவர்கள் வைத்த சிஸ்டத்தோடுதான் கடையை விட்டுப் போக வேண்டும். வேறு எதையாவது நாங்கள் போட்டுக் கொடுத்தது தெரிந்தால் அந்த மெஷினுக்கு உத்தரவாதம் கிடையாது, எங்களுக்கு அடுத்த சரக்கும் கிடையாது. தவுக்கே படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சேவியர் சார் படித்துப் பார்த்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லோருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரே சிஸ்டம் என்றால் ஒரே பதில்.

டிரஸர் பொன்னையா அந்த நிம்மதிக்குள்தான் வந்து நின்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உயரமான மனிதர், கையில் குடை, சட்டைப்பையில் மூன்று பேனா. பாகான் டத்தோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, பிறந்த பிள்ளைகளைப் புத்தகத்தில் பதிந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் இடங்களில் டிரஸர்தான் எல்லாம். உட்காரும் முன்பே என் விரலைப் பார்த்தார்.

"கையில வெட்டு இருக்கே தம்பி. டெட்டனஸ் ஊசி போட்டியா?"

"இல்லைங்க ஐயா."

"போடு." பிறகு சேவியர் சார் பக்கம் திரும்பி, பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்து நீட்டினார். "இது என் பழைய மெஷினோட சிஸ்டம். மூணு வருஷம் முந்தி இங்கதான் வாங்கினேன். மெஷின் செத்துப் போச்சு. கடல்காத்து தின்னுடுச்சு. புது மெஷின் குடுங்க, இந்தச் சிஸ்டத்தைப் போட்டுக் குடுங்க."

"புது மெஷினோட புது சிஸ்டம் வருது டிரஸர். இப்ப எல்லாரும் அதைத்தான் வச்சிக்கிறாங்க."

"எல்லாரும் வச்சிக்கட்டும். என் பேருங்க பழைய சிஸ்டத்துல இருக்கு. புதுசு அதைப் படிக்குமா?"

"படிக்காது."

"அப்ப அது எனக்கு எதுக்கு?"

என்ன பெயர்கள் என்று சார் கேட்டார். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி மூடியபோது, ஆஸ்பத்திரிப் பிறப்புப் புத்தகங்களைத் தெலுக் இந்தான் பதிவு அலுவலகத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அவை மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பிறப்புச் சான்று தொலைத்தவர்கள் போய்க் கேட்டால், புத்தக எண்ணும் பக்க எண்ணும் சொன்னால்தான் தேடுவார்கள். புத்தகங்கள் போவதற்குமுன் டிரஸர் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தாயின் பெயர், தகப்பன் பெயர், புத்தகம், பக்கம் என்று நோட்டில் எழுதி எடுத்திருக்கிறார். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றி முடித்த நோட்டுகளை வெள்ளத் தண்ணீர் கொண்டு போய்விட்டது.

"அஞ்சலைன்னு ஒரு பொண்ணு. மெர்டேக்கா சுதந்திரத்துக்கு அடுத்து நான் பார்த்த பிரசவம்தான். ஆனா இன்னிக்கும் பிரஜை இல்லைங்கிற சிவப்புக் கார்டு. லூமுட்ல நேவி கேம்ப் சமையல்கட்டுல வேலை இருக்கு, எடுத்துக்கிறேன்னுட்டாங்க, இங்க பிறந்த பிரஜைன்னு பேப்பர் காட்டினா. திங்கக்கிழமை தெலுக் ஆன்சன் பதிவாபீசுல அவளைக் கூப்பிட்டிருக்காங்க." ஊர் பெயர் மாறிச் சில வருடமாகியும் அவர் வாயில் தெலுக் ஆன்சன்தான். "அன்னிக்கு எண் சொல்லலைன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். அவ தோட்டத்தைத்தான் கடைசியா ஏத்தினேன். ஏத்தின வாரமே மெஷின் போச்சு. இன்னொரு படி எடுக்கல."

"பேருங்க இருக்கிற டிஸ்கெட்டைக் கொண்டு வாங்க. இங்க ஏதாவது பார்க்கலாம்," என்றார் சார்.

"அது வெயில்ல பஸ்ல வராது. வழியில வளைஞ்சா யாரு பொறுப்பு? அதோட, அஞ்சலை ஒருத்தி இல்ல. வாரத்துக்கு ரெண்டு பேர் வாசல்ல வந்து நிக்கிறாங்க. எனக்கு மெஷின் வேணும்."

முன்கட்டிலிருந்து தவுக்கே குரல் கொடுத்தார். "தா போலே லா, டிரஸர். கே.எல். மரா." முடியாது, கோலாலம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பொருள்.

டிரஸர் மலாயிலேயே அவரைக் கேட்டார், மெஷின் அவர் காசுக்கு வருகிறதா, கோலாலம்பூர்க்காரர்கள் காசுக்கு வருகிறதா என்று. தவுக்கே சிரித்தார். டிரஸர் டிஸ்கெட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, "வியாழக்கிழமை போன் பண்றேன்," என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் சேவியர் சார் பட்டறைக் கதவைச் சாத்தினார். சோதனைக்கு வைத்திருந்த மெஷினில் டிரஸருடைய சிஸ்டத்தைச் சொருகினார். அரை நிமிடத்தில் அது எழுந்தது. மெஷினுக்கு ஒரு மறுப்பும் இல்லை, மறுப்பெல்லாம் எங்களுக்குத்தான். சார் அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்று முடித்தார்.

"நாளைக்கு இவரு மெஷின்ல ஏதாவது ஆச்சுன்னா போன் யாருக்கு வரும், மணியம்?"

"நமக்குத்தான் சார்."

"அதான் யாரும் விக்க மாட்டேங்கிறாங்க. சிஸ்டம் நல்லதா கெட்டதாங்கிறது இல்ல. பதில் சொல்ல ஆள் இல்ல."

ரேவதிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

வியாழக்கிழமை சேவியர் சார் தவுக்கேயிடம் பேசினார். டிரஸருக்கு மெஷின் போகும். விநியோகஸ்தரின் டிஸ்கெட் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே இருக்கும். கடை அதில் எதையும் போடவில்லை. வாங்கியவர் தன் வீட்டில் தன் டிஸ்கெட்டைச் சொருகினால் அதைக் கடை கேட்க முடியாது. தவுக்கே தலையாட்டினார். கடை ஆள் ஒருவரும் அந்த மெஷினைத் தொடக் கூடாது, தொட்டது தெரிந்தால் அந்த ஆளுக்கு வேலை இல்லை என்றும் சொன்னார்.

சார் என் மேசைக்கு வந்து நின்றார். வீட்டில் இருக்கும் பழைய பிரிண்டரைப் புது மெஷினில் மாட்டுவதும், அதைச் சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுப்பதும் டிரஸரால் ஆகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல சார்."

"பாகான் டத்தோல தேங்கா நல்லாயிருக்கும்பாங்க."

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். சாயங்காலம் என் மேசைமேல் டிரஸருடைய டிஸ்கெட்டும், பஸ் நேரங்கள் எழுதிய சீட்டும், தமிழில் எழுதிய ஓர் அட்டையும் இருந்தன. அட்டையில் பழைய சிஸ்டத்துக்கான கட்டளைகள். முதல் வரி: "எதைத் தொடுமுன்னும் ஒரு படி எடு." இரண்டாவது வரிக்கு அடியில் சிவப்பில் இரண்டு கோடு: "படி எடுக்கையில், எதற்கு என்பது முன்னால், எதிலிருந்து என்பது பின்னால். நம்முடையதற்கு நேர்மாறு."

நாங்கள் தினமும் புழங்கும் சிஸ்டத்தில், இடது டிஸ்கெட்டில் இருப்பதை வலதுக்குப் படி எடுக்க வேண்டுமென்றால் முதலில் இடது என்று அடிக்க வேண்டும், பிறகு வலது. பழையதில் முதலில் வலது, பிறகு இடது. சின்ன வித்தியாசம்தான். பஸ்ஸில் போகும்போது அட்டையை எத்தனையோ தடவை படித்தேன்.

கடை வேன் சனிக்கிழமையே மெஷின் பெட்டிகளை டிரஸர் வீட்டில் இறக்கிவிட்டிருந்தது. தென்னைகளுக்கு நடுவே கால்கள் வைத்துக் கட்டிய பலகை வீடு. கூடத்தில் டிரஸரும், அவர் மனைவியும், அஞ்சலையும் இருந்தார்கள். அஞ்சலை கெட்டிக்காரப் பெண். நான் கம்பிகளைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "ஏன் அண்ணே, இதைத் தையல் மெஷினாட்டம் மிதிக்கணுமா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அண்ணன் பேச மாட்டாரா ஐயா?"

"அவன் வாய் ஈப்போல இருக்கு. கை மட்டும் வந்திருக்கு," என்றார் டிரஸர்.

மெஷின் எழுந்தது. பிரிண்டரையும் ஒரு வழியாகப் பேச வைத்தேன். டிரஸர் உள்ளே போய், ஊசி கொதிக்க வைக்கும் பழைய எவர்சில்வர் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். அதற்குள் இரண்டு டிஸ்கெட்டுகள். ஒன்று எல்லாப் பெயர்களும் உள்ள புதியது. மற்றது முந்தைய வருடம் எடுத்த படி. அதில் அஞ்சலையின் தோட்டம் இல்லை. புதியதை அவர் இடது வாயில் சொருகினார். பழைய படியை நான் வலது வாயில் சொருகினேன். புதியதிலிருந்து பழையதற்கு ஒரு படி. அதுதான் முதல் வேலை.

அட்டையைத் திரையில் சாய்த்து வைத்தேன். சிவப்புக் கோடு போட்ட வரியை இரண்டு முறை படித்தேன். மூன்று பேர் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்பது முதுகில் உறைத்தது. அடித்தேன். கடைசி விசையையும் தட்டினேன்.

சரியாக அடித்திருந்தால் முதலில் இடது விளக்கு எரிய வேண்டும். எரிந்தது வலது.

விரல்கள் தினமும் போகும் வழியிலேயே போய்விட்டன. இடது, பிறகு வலது. பழைய சிஸ்டத்துக்கு அதன் பொருள், வலதில் இருப்பதை எடுத்து இடதின்மேல் எழுது என்பது. அஞ்சலை இல்லாத பழைய பட்டியல், அவள் இருக்கும் பட்டியலின்மேல் ஏறப்போகிறது. டிஸ்கெட்டை உருவலாம் என்று கை எழுந்தது. விளக்கு எரியும்போது உருவக் கூடாது என்று சார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கை பாதியில் நின்றது. வலது விளக்கு அணைந்தது. இடது விளக்கு எரிந்தது. ஒரு குறுகிய சத்தம், பிறகு இன்னொன்று. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து எல்லாம் நின்றது.

அந்த வரியை நான் அதுவரை பார்த்ததில்லை. முடிந்தது என்கிறதா, முடியவில்லை என்கிறதா என்று தெரியவில்லை.

"என்ன தம்பி?" என்றார் டிரஸர்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, மெஷின் தின்றுவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த நினைப்பு எனக்கு வராமல் இல்லை.

"நான் தப்பா அடிச்சிட்டேன் ஐயா. பழசு புதுசுமேல ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன்."

அஞ்சலை என்னையும் டிரஸரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படின்னா?" என்றாள்.

"எந்திரி," என்றார் டிரஸர். விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்து, இடது டிஸ்கெட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அதன் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை மூடிவிட்டால் மெஷின் அந்த டிஸ்கெட்டைப் படிக்கும், ஆனால் எழுதாது. அதற்கென்று ஒட்டும் தாள் வில்லைகள் பெட்டியோடு வரும். டிரஸரின் டிஸ்கெட்டில் தாள் வில்லை இல்லை. தோல் நிறத்தில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி இருந்தது.

"நீங்க குடுத்ததெல்லாம் உப்புக்காத்துல உதிர்ந்து போச்சு. ஒரு தோட்டம் முடிஞ்சா நான் பிளாஸ்திரி போட்டுடுவேன்," என்றார். சொல்லிக்கொண்டே அதை மறுபடி உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பிளாஸ்திரி பாதி ஒட்டியும் பாதி எழும்பியும் இருந்தது. மெஷினுக்கு அது மூடியதாகப் பட்டதா, திறந்ததாகப் பட்டதா என்று சொல்ல முடியாது.

உள்ளே போய்ப் புதுப் பிளாஸ்திரி வெட்டிக்கொண்டு வந்து, பழையதன்மேல் அழுத்தி ஒட்டினார். மறுபடி சொருகினோம். பட்டியலைத் திறந்தேன். பெயர்கள் மேலே ஓடின. ஒரு தோட்டம், இன்னொரு தோட்டம், இன்னொன்று. கடைசியாக அஞ்சலையின் தோட்டம் வந்தது. டிரஸர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "நிறுத்து. தாய் முனியம்மா, தகப்பன் காளிமுத்து. பெண். இதான்."

"பேரு இல்லையே?" என்று கேட்டேன்.

"மூணாம் நாள் பதியறோம். அப்ப எவன் பேரு வச்சான்?"

பிளாஸ்திரி தடுத்திருக்கிறது, எழுத முடியாது என்றுதான் அந்த ஆங்கில வரி சொல்லியிருக்கிறது. டிரஸர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, மருந்துச் சீட்டு வாசிப்பதைப் போல வாசித்தார். "எதற்கு?" "வலதுக்கு ஐயா." "எதிலிருந்து?" "இடதிலிருந்து." "அடி." அந்தப் படி சரியாக ஏறியது. அஞ்சலையின் வரியை அச்சடித்துக் கொடுத்தேன். அவள் அதை மடிக்காமல் ஒரு நாட்காட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டுத்தான் மெஷின் நிறுத்தியதா? ஓர் எண் மாறியிருந்தாலும் வெளியே தெரியாது. பெயர் இருக்கும், பக்கம் வேறாக இருக்கும். நாளைக்கு அந்தப் புத்தகத்தைத் திறந்தால்தான் உண்மை தெரியும்.

சாயங்காலம் மளிகைக் கடையிலிருந்து சேவியர் சார் வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"விளக்கு எரியறப்ப உருவினியா?"

"இல்ல சார்."

"நல்லது."

"நாளைக்கு வேலைக்கு வர முடியாது சார். அந்த நம்பர் சரியான்னு பார்க்காம என்னால வர முடியாது."

அவர் குரல் மிகவும் மெதுவாக வந்தது. காதை அழுத்திக்கொண்டு கேட்டேன். "லீவு பாரத்துல காய்ச்சல்னு எழுதாத. சொந்த வேலைன்னு எழுது. நீ பொய் எழுதினா தவுக்கே உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாரு."

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் டிரஸர், அஞ்சலை, நான் மூன்று பேரும் தெலுக் இந்தான் போனோம். பதிவு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட மலாய் அம்மா ஒருவர் இருந்தார். ஓரத்தில் துளைகள் வைத்த அச்சுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். டிரஸர் தன் பழைய வேலையைச் சொன்னார். அந்த அம்மா எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அஞ்சலை நாட்காட்டியை மடியில் வைத்து அதிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்நாள் இருந்த வாய் அவளிடம் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் வேலை முடித்துப் போய்விட்டார்கள். அந்தச் சுவரில் இருந்த கடிகாரத்தை என்னைப்போல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் அந்த அம்மா அட்டை கிழிந்த ஒரு பெரிய புத்தகத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். தூசியைத் தட்டினார். பக்கத்தைத் திருப்பினார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது, மெதுவாக. ஓரிடத்தில் நின்றது.

"அடா," என்றார். இருக்கிறது.

புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். நீல மையில் எழுதிய வரி. டிரஸர் அதன்மேல் குனிந்து பார்த்தார். "என் கையெழுத்துதான். அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார்.

"இருக்கா அண்ணே?" என்று அஞ்சலை என்னைக் கேட்டாள். அவளுக்குப் படிக்க வராது.

"இருக்கு. தாய் முனியம்மா. தகப்பன் காளிமுத்து." தேதியையும் படித்தேன்.

சிவப்புக் கார்டில் யாரோ உத்தேசமாகப் போட்ட வருடத்துக்கு ஒரு வருடம் பின்னால் இருந்தது அது. அஞ்சலை விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப எனக்கு இருபத்தெட்டு இல்லையா?"

"இருபத்தேழு," என்றார் டிரஸர்.

"ஒரு வருஷம் மிச்சம் லா," என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் நாட்காட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரஜைகளுக்கான நீலக் கார்டுக்கு மனு எழுதி, அது வர மாதங்கள் ஆகும். பிறப்புச் சான்றின் நகலை மட்டும் மதியத்துக்குள் முத்திரை போட்டுத் தருகிறேன், லூமுட்டில் காட்ட அது போதும் என்று அந்த அம்மா சொன்னார். அதைக் கேட்டுவிட்டு நான் வெளியே வந்தேன். படிக்கட்டு வரைதான் போனேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிரஸர் வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணினார்.

"நாடி நல்லாத்தான் ஓடுது. நேத்திலிருந்து சாப்பிடல, அதான். வா, சாப்பிடப் போலாம்."

மூன்று பேரும் போனோம். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.